கேசரியோட திரும்பி வந்த தூசிச் சட்டி

போன திங்கக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். அஞ்சு வீட்டுக் கூரையில இருக்குற அஞ்சு சட்டிய இறக்கணும். உள்ள விழுந்த தூசிய எடை போடணும். அஞ்சு நம்பர அட்டவணையில போட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஜர்னலுக்கு அனுப்பணும்.

படிக்காதவங்ககூட செஞ்சிடுவாங்க. நான் ஏழு வருஷமா பிஎச்.டி. பண்றவ.

விஷயம் இதுதான். தங்கத்தப் பிரிச்சு எடுத்தப்புறம் கொட்டுன மண்ணு எங்க கே.ஜி.எஃப்.ல மலையா நிக்குது. சயனைடு மேடுன்னு சொல்லுவோம். காத்தடிச்சா அந்தத் தூசி எங்க வீட்டு மேல எவ்வளவு விழுதுன்னு நான் ஒரு கட்டுரை எழுதி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குன்னே நடக்குற ஒரு ஜர்னலுக்கு அனுப்பியிருந்தேன். ரிவ்யூவர் ஒருத்தர், "இன்னும் ஒரு மாத அளவு தேவை"ன்னு திருப்பிட்டார்.

இந்தக் கட்டுரை வந்தாதான் என் தீசிஸ வாங்குவாங்க. வராட்டி இந்த வருஷத்தோட என் பிஎச்.டி. பதிவே காலி.

தூசி பிடிக்க அம்மாவோட எவர்சில்வர் சட்டிங்க அஞ்சு எடுத்தேன். எல்லாத்துலயும் "வசந்தா"ன்னு அம்மா பேர் வெட்டியிருக்கும். நாங்க இருக்குற ஊரிகம் லைன்ல எங்க வரிசையிலயே மூணு வீடு, பக்கத்துக் குடியிருப்புங்க ஸ்கெலட்டன்ல ஒண்ணு, பாலகாட்ல ஒண்ணு. கூரை ஷீட்டு மேல ஏத்தி, ஆடாம செங்கல் அணை குடுத்து வெச்சேன். முப்பது நாள் யாரும் தொடல.

முப்பதாவது நாள் நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அஞ்சு வீட்டுக்கும் வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "நாளைக்குக் காலையில சட்டிய வாங்கிக்க வரேன், கொஞ்சம் எறக்கி வெச்சிருங்க."

ஏணி தூக்குற வேலை மிச்சம்னு ஒரு சோம்பேறித்தனம். வேறொண்ணும் இல்ல.

காலையில முதல்ல கனகா அக்கா வீடு. எங்க வீட்டுல இருந்து நாலாவது கதவு. அக்கா சிரிச்சுக்கிட்டே சட்டிய நீட்டுனாங்க. மேல தட்டு மூடியிருந்துச்சு. நல்லவங்க, தூசி பறக்காம மூடி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.

திறந்தா கேசரி. நெய் மினுமினுன்னு, மேல முந்திரி.

"அக்கா, உள்ள ஒண்ணு இருந்துச்சே?"

"ஆமாம்மா, இன்னா அழுக்கு அது! ரெண்டு வாட்டி சோப்பு போட்டுத் தேச்சேன். வசந்தாக்கா சட்டிய வெறுஞ்சட்டியாவா குடுக்கறது? நல்லாவா இருக்கும்?"

விஷயத்தச் சொன்னேன். அக்கா முகம் வாடிப்போச்சு. "உன் பரீட்சையையா கழுவி ஊத்திட்டேன்?" அவங்க கண்ணு கலங்குனதப் பாத்து, நான் வேகமா கேசரிய எடுத்து வாயில போட்டேன். "பரவால்லக்கா, சூப்பரா இருக்கு."

இந்தத் தூசி உடம்புக்கு ஆகாதுன்னு பதினாலு பக்கம் எழுதினவ, அதே சட்டியில இருந்து தின்னுக்கிட்டிருந்தேன்.

ஓடுனேன். அடுத்த வீட்டு லட்சுமம்மா வாசல்லயே காத்திருந்தாங்க. சட்டியில புளிஹோரா, அதான் புளியோதரை. அதுக்கடுத்த வீட்டுல சுண்டல். மூணு சாம்பிளும் போச்சு, மூணுலயும் உப்பு சரியா இருந்துச்சு.

போன் எடுத்து ஸ்கெலட்டன் துரை மாமாவக் கூப்ட்டேன். மாமா அண்டர்கிரவுண்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். மண்ணோட அருமை தெரிஞ்ச மனுசன்.

"மாமா, சட்டியக் கழுவிட்டீங்களா?"

"உங்க அத்தை கழுவிட்டாம்மா."

"அய்யோ."

"இன்னாத்துக்கு பயப்படறே? நான் சரி பண்ணிட்டேன். வா."

ஸ்கூட்டிய விரட்டிக்கிட்டுப் போனேன். சட்டி நிறைய, கோபுரம் மாதிரி குமிச்சு, சயனைடு மேட்டு மண்ணு. தூக்கவே ரெண்டு கை வேணும்.

"காலங்காத்தால நானே மேட்டுக்குப் போய் அள்ளிட்டு வந்தேன்," மாமா மீசையத் தடவுனார். "என் ஷிஃப்ட்ல ஒருநாளும் லோடு குறைஞ்சதில்ல."

முப்பது நாள்ல ஒரு சிட்டிகை விழுற இடத்துல மூணு கிலோ. இத அப்படியே எழுதுனா, துரை மாமா குடும்பம் மண்ணுக்குள்ள இருந்து போன் பேசுதுன்னு அர்த்தம்.

மிச்சம் பாலகாட். அங்க இருக்குற டீச்சர் போனே எடுக்கல. போய்ப் பாத்தா வீடு பூட்டு. பெங்களூருக்கு ரயில் ஏறிட்டாங்களாம். கூரையில சட்டி அப்படியே இருந்துச்சு. பூட்டிக் கெடந்த ஒரு வீட்டப் பாத்து இவ்வளவு சந்தோஷம் நான் பட்டதே இல்ல.

பக்கத்து வீட்டுல ஏணி வாங்கி ஏறுனேன். கீழ ஒரு பெரியவர் கன்னடத்துல, "யாரம்மா நீனு?"ன்னு கேட்டார். ஆராய்ச்சின்னேன். அவர் நம்பல. நான் இறங்குற வரைக்கும் ஏணியப் புடிச்சுக்கிட்டே நின்னார், உதவிக்கா காவலுக்கான்னு தெரியல.

ஒரு சிட்டிகைத் தூசி. அதக் குழந்தைய மாதிரி மடியில வெச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து எடை போட்டேன்.

மணி நாலரை. அட்டவணையில ஒரு நம்பர், நாலு காலி இடம்.

துரை மாமா போன் பண்ணுனார். "போன மாச நம்பர் கீதுல்ல? அதையே கொஞ்சம் முன்ன பின்ன போட்டு அனுப்பு. நாங்க எழுதாத ரிப்போர்ட்டா?"

போட்டேன். மறைக்க ஒண்ணும் இல்ல, நாலு நம்பரும் போட்டேன். பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு, நிஜ நம்பரவிட அழகா. அப்ப கனகா அக்கா இருமுற சத்தம் ஜன்னல் வழியா கேட்டுச்சு. அவங்களுக்கு வருஷம் பூரா இந்த இருமல்தான். அவங்க வீட்டுத் தூசிய நான் கற்பனையில எடை போட்டா, அந்த இருமலும் கற்பனைன்னு ஒருத்தன் சொல்லிடுவான். அழிச்சேன்.

மணி நாலு அம்பத்தஞ்சு. எடிட்டருக்கு இங்கிலீஷ்ல கடிதம் எழுதுனேன். அதுக்கு அர்த்தம் ஏறக்குறைய இது: "மதிப்பிற்குரிய ஐயா, ஐந்து மாதிரிகளில் நான்கு, பங்கேற்பாளர்களால் நன்கு கழுவப்பட்டன. மூன்று, உணவு நிரப்பித் திருப்பி அளிக்கப்பட்டன. ஒன்று, மண் நிரப்பி அளிக்கப்பட்டது."

அனுப்பிட்டு, மிச்சக் கேசரிய அழுதுக்கிட்டே தின்னேன்.

மறுநாள் காலையில பதில். "இவ்வகை இழப்பை நாங்கள் இதுவரை கண்டதில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அதே கலங்களைக் கொண்டு மீண்டும் முப்பது நாள் அளவெடுக்கவும். எழுத ஐந்து நாள் சேர்த்து, மொத்தம் முப்பத்தைந்து நாள் தருகிறோம்."

துள்ளிக் குதிச்சு சட்டிங்களத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுனேன். அம்மா கதவ மறிச்சுக்கிட்டு நின்னாங்க.

"எங்க?"

"கனகா அக்கா வீட்டுக்கு."

"அவ கேசரி குடுத்திருக்கா. நீ வெறுஞ்சட்டியத் தூக்கிட்டுப் போவியா?"

"அம்மா, இது கூரைக்குப் போகுதும்மா."

"கூரை யாரோடது? கனகாவோடதுதானே?"

மண்ணு குடுத்த துரை மாமாவையும் சேத்து நாலு வீட்டுக்கும் பதில் மரியாதை பண்ணாம ஒரு சட்டியும் வெளிய போகாதுன்னு, அஞ்சையும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. நான் கெஞ்சுனேன், எடிட்டர் கடிதத்தத் தமிழ்ல படிச்சுக் காட்டுனேன். அம்மா பொறுமையாக் கேட்டுட்டு அரிசிய ஊறப் போட்டாங்க.

எடிட்டர் கூட்டிக் குடுத்தது அஞ்சு நாள். அதிரச மாவு புளிக்கவே மூணு நாள் ஆகுமாம்.