இருபத்துநாலு வோல்ட் அத்தான்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சேற்றில் மாட்டிய வண்டிகள் இரண்டே வகை. ஒன்று, மாட்டிய வண்டி. இன்னொன்று, 'இருவத்துநாலு' வந்து காப்பாற்றிய வண்டி. முதல் வகைக்கு விமோசனம் உண்டு.

இருவத்துநாலு என்பவர் என் அக்கா வீட்டுக்காரர். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அக்காவுக்கும், ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், ராணுவ லாரியிலிருந்து கழற்றிய வின்ச் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய மோட்டார், அதன் உருளையில் சுற்றிய இரும்புக் கயிறு. கயிற்றை மாட்டிச் சுவிட்சைத் தட்டினால் பள்ளத்தில் கிடக்கும் எதையும் மேலே இழுத்துவிடும். அதைத் தன் பழைய ஜீப்பின் மூக்கில் பொருத்தினார்.

ஜீப்பில் இருந்தது பன்னிரண்டு வோல்ட். வின்ச் கேட்டதோ இருபத்துநாலு.

முதல் சோதனைக்குக் கயிற்றை எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தில் கட்டினார். மோட்டார் முனகியது. அக்கா உள்ளே போய் உலை வைத்து, சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாள். ஜீப் ஒரு முழம் நகர்ந்திருந்தது.

"வேற வின்ச் மாட்டலாமே அத்தான்" என்றேன்.

"மோட்டார் மேல தப்பு இல்லலா மச்சான். பாதி சாப்பாடு போட்டுட்டு முழு வேல கேக்குறோம்."

இன்னொரு பேட்டரியை முதலாவதோடு வரிசையாகச் சேர்த்தார். ஒரு பெரிய சுவிட்சு வைத்து, வின்ச்சுக்கு மட்டும் இருபத்துநாலு போகவும் ஜீப்புக்குப் பழையபடி பன்னிரண்டு போகவும் வழி செய்தார். மூளைக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜீப்பின் டைனமோ முதல் பேட்டரிக்கு மட்டும்தான் சார்ஜ் ஏற்றும். இரண்டாவதைக் கழற்றிக் கடைக்குச் சுமந்துபோய் ஏற்றிவர வேண்டும். சில வாரம் சுமந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. படுத்துக்கிடந்தபோது ஞானம் பிறந்தது. மாட்டிக்கொண்ட வண்டியிலும் ஒரு பேட்டரி இருக்கிறதே, அது சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது?

அதிலிருந்து யாராவது பள்ளத்தில் விழுந்தால் இவர் போய் இறங்குவார், டயரைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்க்கமாட்டார். நேராக அந்த வண்டியின் பானட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்ற ஆரம்பிப்பார். தாப்பா பக்கம் மலையிலிருந்து வேனில் காய்கறி ஏற்றி வந்து மாட்டிக்கொண்ட ஒரு சீனர், "பென்சூரி! பென்சூரி!" என்று, அதாவது மலாயில் 'திருடன்' என்று, கத்திக்கொண்டு மண்வெட்டியோடு ஓடி வந்தார். அத்தான் நிமிரவே இல்லை.

"சபார் தவுக்கே, சபார்" என்றார். முதலாளியைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறாராம்.

வேன் ஐந்தே நிமிடத்தில் மேலே வந்துவிட்டது. ஆனால் அதன் பேட்டரியில் இருந்த உயிரையெல்லாம் வின்ச் குடித்துவிட்டது. வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. அத்தானுக்கு அதில் துளிகூட வருத்தம் கிடையாது.

"வெளிய எடுக்கச் சொன்னாங்க, எடுத்தாச்சு. ஓட்டுறது வேற கேஸ்லா."

நான் அப்போது ஈப்போவில் ஓர் ஆபீசில் கிளார்க். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. என் மேலதிகாரியின் காரையும் இவர் ஒரு மழை நாளில் காப்பாற்றித் தொலைத்தார். மறுநாள் மேலதிகாரி பஸ்ஸில் வந்து இறங்கி, "அவர் உன் அத்தானாமே?" என்று கேட்டார். அன்று முழுக்க நான் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது வெட்கத்தைக் கொடு ஆண்டவரே என்று கோயிலில் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். ஆயர் தாவார் என்ற ஊரிலிருந்து எனக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் எங்களைப் பார்க்க வந்தபோது, அந்த ஜீப்பின் மேல் நானே சாக்குகளைப் போட்டு மூடினேன்.

கலியாணம் பெண்ணின் ஊர்க் கோயிலில், நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் திருவருகைக் காலம் ஆரம்பம். அதன்பின் கிறிஸ்துமஸ் முடியும்வரை கலியாணம் கிடையாது. ஃபாதருக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வேறு ஊரில் பூசை. பெண்ணின் பெரியப்பாவோ, "கிளார்க்குக்கா குடுக்குறீங்க?" என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்று தவறினால் எனக்குப் பெண் இல்லை என்றே பயந்தேன்.

அத்தானை பஸ்ஸில் அழைத்து வரும்படி அக்காவிடம் கெஞ்சியிருந்தேன். ஜீப்பில்தான் வந்தார். வின்ச்சுக்கு மாலை போட்டிருந்தார்.

பத்தரைக்குப் பெண்ணின் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்து கோயில் வாசலில் இறங்கினார். தோட்டத்துச் செம்மண் பாதையில் பெண்ணின் கார் கால்வாயில் இறங்கிவிட்டதாம். எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள். நான் கோட்டும் சூட்டுமாக அதில் ஏறி உட்கார்ந்தேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே கார் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தான் போன வேகத்தில் பானட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றினார்.

மாமனார் தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்க்கிற கோபக்காரர். "யாருலா இது? பொண்ணு ஒக்காந்திருக்குற கார்ல பேட்டரிய கழட்டுறான்?"

"என் அக்கா வீட்டுக்காரரு" என்றேன்.

வின்ச் இழுத்தது. கார் அழகாக மேலே ஏறியது. கூட்டம் கைதட்டியது. வாழ்க்கையில் முதல்முறை தனக்குக் கைதட்டக் கேட்ட அத்தான், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தவறான பக்கம் தட்டிவிட்டார். இருபத்துநாலு வோல்ட்டும் ஜீப்புக்குள் போனது. விளக்கெல்லாம் பகலிலும் கண் கூசும்படி எரிந்தது, ஹார்ன் ஓலமிட்டது, பிறகு எல்லாம் ஒரேயடியாக அணைந்து புகை வந்தது. காரின் பேட்டரி வழக்கம்போல் காலி. இப்போது இரண்டு வண்டியும் பிணம்.

அத்தான் என்னைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "ஏறு மச்சான். தள்ளியே எடுத்துருவோம்" என்றார். வழக்கமாகப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வரும் 'லா' அதில் இல்லை.

காரில் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நான் ஏறினேன், முறையெல்லாம் யார் பார்த்தார்கள். தோட்டமே சேர்ந்து தள்ள, நடுவில் அத்தான். சரிவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் அத்தனை செம்மண்ணையும் அவர் மேல் வாரி இறைத்தது. பதினொன்றேகாலுக்கு மோதிரம் மாற்றினோம். விருந்தில் அவரைக் காணோம். தேடிப் போனால், தோட்டப் பாதையிலேயே கிடந்த செத்த ஜீப்புக்குள் செம்மண் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வாங்க அத்தான்."

"இந்தக் கோலத்துலயா? வேணாம் மச்சான். ஒனக்குதான் மானக்கேடு."

நான் வேண்டிக்கொண்ட வெட்கம் அவருக்கு வந்தேவிட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜீப்பைப் பழுதுபார்த்துவிட்டார். ஆனால் வின்ச்சின் மேல் சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டார். யார் கூப்பிட்டாலும், "அது ஓடாது" என்றார். ஒரு மழைக்காலம் முழுக்கப் புந்தோங்கில் வண்டிகள் நிம்மதியாக மாட்டிக்கொண்டன. அக்கா, "மனுசன் வீட்டுல பேசுறதே இல்லடா" என்று அழுதாள்.

நான் புதிதாக வாங்கியிருந்த பழைய காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தெரு முனையில் ஓரக் கால்வாய்க்குள் இறக்கினேன். நானே பானட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி, வெள்ளைச் சட்டையோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"அத்தான், வண்டி மாட்டிக்கிச்சு."

அவர் எட்டித் தெருவைப் பார்த்தார். வெயில் காய்ந்து கொண்டிருந்தது.

"அவ்ளோ அகல ரோட்டுல எப்படிலா மாட்டுன?"

நான் பேட்டரியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அவர் எழுந்து போய்ச் சாக்கை அவிழ்த்தார். கார் மேலே வந்தது. ஸ்டார்ட் ஆகவில்லை. தெருவே பார்க்க, நானும் அத்தானும் அதைப் புந்தோங் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனோம்.