படகுச் சீட்டில் சிவப்புக் கையெழுத்து

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். நகராட்சிப் புயல் கட்டுப்பாட்டு அறையில் தாங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த தொலைபேசி வேலை, பதினோராம் நாளில் போய்விட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேல இருக்கறது அம்மா தலைக்கு மேல நின்னு சொல்லச் சொல்ல எழுதினது. இப்ப அவ மாடியில துணி எடுக்கப் போயிட்டா, இனி நானே சொல்றேன். செவ்வாய்க்கிழமை காலையில புயல் கரையைக் கடந்தப்ப அந்த அறையில நாலு போன், ஒழுகற இடத்துல ஒரு வாளி, ஒரு நான். ரெண்டு நாளா வீட்டுப் பக்கமே போகாத பொறியாளர், ஈரச் சட்டையை மாத்திட்டு அரை மணியில வந்துடறேன்னு அப்பதான் கிளம்பினாரு. அவர் வீட்டுக்குள்ள கால் வச்சாரு, கால்வாய்க்கரை உடைஞ்சுது. இருக்கறதே ஒரு படகு. அது வெளிய போகணும்னா அனுமதிச் சீட்டுல பொறியாளர் சிவப்பு மையில கையெழுத்துப் போடணும், போன்ல சொன்னா செல்லாது. சிவப்புப் பேனா ஆபீஸுக்கே ஒண்ணுதான். அது அவர் சட்டைப்பையில. சட்டை அவர் மேல. அவர் மொட்டை மாடியில. மாடியைச் சுத்தித் தண்ணி.

முப்பத்தெட்டாவது போன் ஒரு தையல்காரர். அவர் கத்தவே இல்ல, அளவு சொல்ற மாதிரி நிதானமா சொன்னாரு. "வீட்டுக்காரிக்கு வலி எடுத்துருச்சு பாப்பா. தண்ணி தையல் மிஷினைத் தாண்டிருச்சு. துணி வெட்டற மேசை மேல உக்கார வச்சிருக்கேன். மேசை ஆடுது." சீட்டு எழுதிக்கிட்டு வாசலுக்கு ஓடினேன். படகு ஓட்டறவருக்குக் கறார் அண்ணன்னுதான் பேரு. சீட்டைப் பாத்தாரு. "சிவப்பு எங்க?"ன்னாரு. "அண்ணே, அங்க ஒரு உசிரு இல்ல, ரெண்டு உசிரு!"ன்னேன். "தெரியும்மா. போன வருஷம் சிவப்பு இல்லாம போய் நாலு பேரை ஏத்திட்டு வந்தேன். அவங்க நல்லா இருக்காங்க. எனக்கு வந்த மெமோவும் பைல்ல நல்லா இருக்கு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க." சொல்லும்போதே அவர் கை என்ஜின் மேலதான் இருந்துச்சு.

நாப்பத்தொண்ணாவது போன் பொறியாளரே. தையல்காரர் விஷயத்தைச் சொன்னேன். "நான் இருக்கட்டும், தையல்காரர் வீட்டுக்கு முதல்ல அனுப்பு"ன்னாரு. "சீட்டுல உங்க கையெழுத்து வேணும் சார்." "சீட்டை இங்க அனுப்பு, போட்டுத் தர்றேன்." "அனுப்பப் படகு வேணும் சார்." "படகுக்குச் சீட்டு வேணுமே." அப்புறம் லைன் செத்துப்போச்சு.

பையைத் துழாவினேன். சிவப்பு நகப்பாலிஷ். அவர் கையெழுத்தைப் போடல மாமா, அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகல. என் பேரை, இனிஷியலோட, அந்தச் சின்ன பிரஷ்ல எழுதினேன். கறார் அண்ணன் மோந்து பாத்தாரு. "நிறத்தைப் பாக்கணும்னுதான் விதி. பேரைப் படிக்கணும்னு எங்கயும் இல்ல. ஆனா ஈரமா இருக்கே"ன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து ஊதினோம். படகு போயிடுச்சு. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டு நாப்பது நிமிஷத்துல பொண்ணு பொறந்துச்சு.

படகு திரும்பற வழியில ஏத்திக்கிட்டு வர, பொறியாளர் மூணு மணி நேரம் கழிச்சு அதே ஈரச் சட்டையோட வந்து சேந்தாரு. சீட்டை எடுத்து நகத்தால சுரண்டினாரு. வரல. "இது என்ன மை?" "மை இல்ல சார், நகப்பாலிஷ்." சீட்டைப் பைல்ல வச்சு மூடினாரு. "வீட்டுக்குப் போ. கூப்பிட்டா வா." அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். காலேஜ்லயும் இதையேதான் சொன்னாங்க.

போறதுக்கு முன்னாடி அந்த விதியை யார் போட்டதுன்னு பழைய பைலைப் பிரிச்சேன். நீங்க! தலைமை எழுத்தரா இருந்தப்ப, யாரோ போன்லயே உத்தரவு போட்டு, வெள்ளத்துல சோபா செட்டைப் படகுல ஏத்திட்டுப் போனாங்கன்னு ரெண்டு பக்கம் கொதிச்சு எழுதியிருக்கீங்க. கோபம் நியாயந்தான். ஆனா பொறியாளரே தண்ணியில மாட்டினா என்ன செய்யறதுன்னு ஒரு வரி சேத்திருக்கக் கூடாதா?

உங்க பேரைக் கெடுத்துட்டேன்னு அம்மா அழறா. அதைவிட எனக்கு வேற வருத்தம். நான் எந்த நாற்காலியிலயும் பதினோரு நாள் சேர்ந்தாப்புல உக்காந்தது இல்ல. இதுல உக்காந்தேன். போனை எடுத்தா அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சு விடறது கேக்கும். அதுக்கப்புறம் எந்திரிச்சுப் போகத் தோணல மாமா.

அம்மா வந்துட்டா.

ஆகவே, இனி அந்த அலுவலகத்தின் வாசலை மிதித்துத் தங்கள் நற்பெயரைக் கெடுக்க மாட்டேன் என்று உறுதி கூறி, தங்கள் ஆசியையும் மன்னிப்பையும் வேண்டி, அத்தைக்கு அன்பையும் முழங்காலுக்கு ஓய்வையும் தெரிவித்து முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த
மருமகள்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள வாசல்ல நகராட்சி ஜீப். அடுத்த புயல் கிளம்பிடுச்சாம். டிரைவர் இறங்கக்கூட இல்ல. "பொறியாளர் கூப்பிடறாரு, ஏறும்மா! அவர் பேனா நனைஞ்சு எழுத மாட்டேங்குதாம், அந்தச் சிவப்பு பாட்டிலையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு." அதனால மேல குடுத்த உறுதிமொழியை அடிச்சுட்டதா நினைச்சுக்கோங்க. சிவப்புல அடிச்சே அனுப்பியிருப்பேன். பாட்டில்ல கொஞ்சந்தான் மிச்சம், அது படகுக்கு.