பதினேழாம் கேள்வி

"இப்ப 'எப்போதும்'னு போட்டிருக்கீங்க. போன தடவை 'இல்லவே இல்லை'ன்னு போட்டீங்களே?"

ஆய்வாளர் தாளை மேசைமேல் அறைந்து வைத்தார். எதிரே இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கில்ல சார், இங்க வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நிரப்பும்போது பேச்சே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீராத குடல் நோயோடு அன்றாடப் பொழுதை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்கும் வெளிநாட்டுக் கேள்வித்தாளை, மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு தமிழாக்கியிருந்தார். நோய் கூடாமல் குறையாமல் இருக்கும் இருபது பேர், இரண்டு வார இடைவெளியில் இருமுறை நிரப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தமிழாக்கம் செல்லும். இல்லாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மேலதிகாரி அதைக் குப்பையில் போடுவார், கூடவே இவருடைய வேலையையும்.

மற்ற கேள்விகளில் வம்பில்லை. பதினேழாவதுதான் கழுத்தை அறுத்தது. 'அவசரத்துக்குக் கழிப்பறை கிடைக்காதோ என்று எவ்வளவு பயந்தீர்கள்?' முதல் சுற்றில் இருபது பேரும் 'இல்லவே இல்லை' என்ற சூரர்கள். இன்று வந்த ஒன்பது பேருமே 'எப்போதும்'.

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு என் வயித்துல அடிக்கிறீங்களா?"

"உங்க வயிறு நல்லாத்தானே இருக்கு," என்றார் கண்டக்டர். "இங்க வர்ற வரைக்கும் எனக்கும் ஒரு பயமும் இல்ல."

சொன்னவர் மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக இறங்கினார்.

பதற்றத்தில்தான் கண்டபடி எழுதுகிறார்கள் என்று நினைத்து, அடுத்து வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை காபி வரவழைத்தார் ஆய்வாளர். அவர்கள் பாதித் தாளிலேயே ஓடினார்கள். திருப்பிப் பிடித்து வந்து, கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றார். அவர்களில் ஒரு தையல்கார அம்மாள் பதினேழாம் கட்டத்தைத் தாள் கிழியக் குத்திக் குறித்தாள்.

"தெறக்கிறீங்களா சார், இல்ல மிச்ச பதிலை உங்க நாற்காலியிலயே வாங்கிக்கிறீங்களா?"

திறந்தார்.

நாலரை மணிக்குக் கணக்கு முடிந்தது. இருபதும் 'எப்போதும்'. நன்றிகெட்ட ஜனங்கள் என்று வாய்விட்டே திட்டினார். பிறகு சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. முதல் சுற்றைக் கணினியில் ஏற்றும்போது தானே தப்பாக ஏற்றியிருந்தால்? பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"போன வாரம் குடுத்த பழைய ஃபாரம் கட்டெல்லாம் எங்கம்மா? நோயாளிங்க பேப்பர் பூட்டுக்குள்ளதான் இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அதையாவது செஞ்சீங்களா?"

அந்த அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"பத்திரமா இருக்கு சார். இந்த மாடியில பூட்டு இருக்கிறது டாய்லெட் ஒண்ணுக்குத்தான். அதுக்குள்ள அடுக்கிப் பூட்டிட்டேன். இன்னிக்கு யார் யாரோ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து கெஞ்சினாங்க, நான் தெறக்கவே இல்ல."