பாக்கை ஃப்ரிட்ஜில் வைத்து ஆடும் மாப்பிள்ளை

பூன் லே,
சிங்கப்பூர்.

என் மரியாதைக்கும் தங்கள் தங்கையின் செல்லத்துக்கும் உரிய கோவில்பட்டி மைத்துனர் திரு. அழகர்சாமி அவர்களுக்கு, முத்துசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், சரசு, மகள் வர்ஷா மூவரும் நலம். அந்த நலத்தில் என் இடுப்பைச் சேர்க்க வேண்டாம், அதன் கதை பின்னால் வருகிறது. அங்கு தாங்களும் அக்காவும் நலமாக இருக்கவும், மழை பெய்ய வேண்டிய நேரத்தில் பெய்யவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள், ஆகவே கடிதம்.

வர்ஷா ஸ்ரீராம் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதும், விசாரிக்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று நான் நிற்பதும் தங்களுக்குத் தெரியும். நம் ஊரில் மாப்பிள்ளையை விசாரிப்பது சுலபம். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தால் மூன்று தலைமுறை தானாக வந்து சேரும். இங்கே அடுக்குமாடி வீடு. எதிர்வீட்டுச் சீன அம்மாவைக் கேட்டேன். “குட் பாய் லா, எவ்ரி டைம் லிஃப்ட் ஹோல்ட் பண்ணுவான்” என்றார். தேக்கா சந்தையில் கறிக்கடை நூருல் அமீன் பாயைக் கேட்டேன். “அவங்க அத்தா... அதான் அவங்க அப்பா, எலும்பு கூடுதலா விழுந்துச்சுன்னு ஒருநாளும் சண்டை போட்டதில்லண்ணே” என்றார். லிஃப்டையும் எலும்பையும் நம்பி ஒரே பெண்ணைக் கொடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

என் தவிப்பைப் பார்த்த வர்ஷா, “அப்பா, அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியணும்னா அவன் பாட்காஸ்ட்டைக் கேளுங்க லா. அதீஃப்னு ஒரு ஃபிரண்டோட சேர்ந்து வாரா வாரம் புரொஃபஷனல் ஹாக்கி பத்திப் பேசுறான். பயங்கரமா கிளெய்ம் பண்ணுவாங்க, ஜாலியா இருக்கும்” என்றாள். கிளெய்ம்! மச்சான், நான் வேலை பார்த்ததே காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில். மாடியிலிருந்து டிவி விழுந்தது என்று வந்து நிற்பவரிடம், தானாக விழுந்ததா தள்ளிவிட்டீர்களா என்று கேட்டே முடி நரைத்தவன் நான். ஓய்வு பெற்றபின் யாரும் என்னிடம் எந்தக் கிளெய்மும் கொண்டுவருவதில்லையே என்ற ஏக்கத்தில் இருந்தவனுக்கு, பையன் வாரம் ஒரு மணி நேரம் தானாக வந்து கொட்டுகிறான் என்றால் விடுவேனா? இவன் சொல்வது உண்மை என்றால் பெண் உண்டு, பொய் என்றால் இல்லை என்று முடிவு செய்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘குச்சியும் பேச்சும்’ என்பது நிகழ்ச்சியின் பெயர். கனடாவில் படித்துவிட்டு வந்த பையன், அந்த நாட்டு ஹாக்கி பற்றியே பேசுகிறான். கேட்கக் கேட்க எனக்கு மயக்கம். தோற்கிற நேரத்தில் கோலைக் காக்கும் கோலியை வெளியே கூப்பிட்டுவிட்டு, கோலை அம்போ என்று விட்டுவிடுவார்களாம். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நடுவர் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, முடிந்ததும் ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஆட விடுவாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்துத்தான் அடிப்பார்களாம். பாக்கு! காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். பாக்கேதான்.

ஹாக்கி என்றால் நம் குடும்பத்தில் தாங்கள்தானே அத்தாரிட்டி? கோவில்பட்டி மண்ணில் பிறந்து, மாநில அணிக்கு ஆடியவர் என்று பெயர் எடுத்தவர். ஆகவேதான் தங்களுக்கு எழுதிக் கேட்டேன். தாங்கள் அனுப்பிய குரல்பதிவை நான் ஒலிபெருக்கியில் போட, வர்ஷாவும் கேட்டுவிட்டாள். “அத்தனையும் பொய் மாப்ள! சண்டை போட்டா கார்டு காட்டித் தொரத்திருவான். கோலி இல்லாம எவன் ஆடுவான்? பாக்கை வச்சு ஆடுறதுக்கு அது என்ன கல்யாண வீடா? வாயைத் தொறந்தா பொய் பேசுற பயலுக்கு நம்ம புள்ளையக் குடுத்துராதீக” என்று முழங்கினீர்கள். வர்ஷா தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போனாள். அப்புறம் பல நாள் என்னோடு பேசவே இல்லை. அவள் பேசாத வீடு எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியாது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

சரி, குற்றவாளிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வழக்கம் என்று ஸ்ரீராமை வீட்டுக்கு வரச்சொன்னேன். டீயைக் கையில் கொடுத்து, “தம்பி, பாக்கை எதுக்கு ஃப்ரீசர்ல வெக்கிறாங்க?” என்று நேரடியாகவே கேட்டேன். “வெக்கலைன்னா அது குதிக்கும் அங்கிள்” என்றான். எத்தனையோ விசேஷ வீட்டில் பாக்குப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் குதித்ததில்லை. நான் முறைத்த முறைப்பில் அவன் பையைத் துழாவி, உள்ளங்கை அளவில் கறுப்பாக, கெட்டியாக, வட்டமாக ஒரு ரப்பர் வில்லையை எடுத்து என் கையில் வைத்தான். “இதுதான் அங்கிள் பக். பந்துக்குப் பதிலா இதைத்தான் ஐஸ் மேல அடிப்பாங்க.” என்ன ஐஸ் என்றேன். “ஐஸ் ஹாக்கி அங்கிள்.” இத்தனை வாரம் கேட்டிருக்கிறேன், ஒரு வாரமாவது இவர்கள் ஐஸ் ஹாக்கி என்று முழுசாகச் சொன்னார்களா? கனடாவில் ஹாக்கி என்றாலே அதுதானாம். கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் புல்லா, மண்ணா என்று யாராவது கேட்பார்களா, அதுபோல.

ஆக, தாங்கள் சொன்னதும் சரி, அவன் சொன்னதும் சரி, நடுவில் நின்ற நான்தான் இரண்டு வேறு ஆட்டங்களைக் கட்டிவைத்துக் குழப்பியிருக்கிறேன். வழக்கை அங்கேயே மூடியிருக்கலாம். ஆனால் மச்சான், எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் சமையலறைத் தரையில் போட்டேன், குதித்தது. பிறகு ஃப்ரீசரில் வைத்தேன். எடுத்துச் சோதிப்பதற்குள் சரசு அதைப் பார்த்துவிட்டாள். தாங்கள் அனுப்பிய கருப்பட்டியை நான்தான் எறும்புக்குப் பயந்து உள்ளே வைத்திருக்கிறேன் என்று நினைத்து, பணியாரத்துக்காக அம்மிக் குழவியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். குழவி எகிறிப் போய் மிக்சி ஜாடியை உடைத்தது, பக் அசையவில்லை. “எங்க அண்ணன் அனுப்புற கருப்பட்டி மாதிரி உலகத்துல கெடையாது” என்று அவள் பெருமைப்பட்டது தனிக்கதை. உறைந்த பக் குதிக்காது என்பது அத்துடன் நிரூபணம்.

பிறகு ஒவ்வொன்றாகத் தோண்டினேன். கோலியை வெளியே எடுப்பது உண்மை, காணொளியில் கண்ணாரப் பார்த்தேன். சண்டைக்கு ஐந்து நிமிடம், உண்மை. அவர்களின் பெரிய கோப்பையில் ஜெயித்தவர்கள் பெயரைச் செதுக்கும்போது எழுத்துப்பிழை விட்டிருக்கிறார்கள் என்றான் அதீஃப், அதுவும் உண்மை. ஒருமுறை ஒரு அணியின் கோலிகள் இருவருக்கும் அடிபட, பனித்தரையை வழிக்கும் வண்டி ஓட்டிப் பழகிய ஒருவர் இறங்கி ஆடி ஜெயித்தார் என்றான் ஸ்ரீராம். இதிலாவது பிடித்துவிடலாம் என்று ஓடினேன், இதுவும் உண்மை! கடைசியாக, “பனியில நிக்கிறதே பாதி ஆட்டம்” என்று அதீஃப் சொன்னதைச் சோதிக்க, இருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தரைக்குப் போய், வாடகைச் சறுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பாதி ஆட்டம் அல்ல, முழு ஆட்டமும் அதுதான். என்னை வெளியே கொண்டுவர அந்த வழிக்கிற வண்டியையே கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். இடுப்பின் கதை இதுதான்.

படுக்கையில் கிடந்தவனைப் பார்க்க அண்ணாதுரை என்று ஒருவர் வந்தார். தேக்காவில் பழக்கம், கோவில்பட்டிக்காரர், உங்கள் காலத்தில் அங்கே ஹாக்கி ஆடியவர். சோதிக்கும் கை சும்மா இருக்குமா, தங்களைப் பற்றிக் கேட்டுவிட்டேன். “அழகரா? தங்கமான ஆளாச்சே! ஆனா ஆடுனதில்லையே. பந்து முள்ளுக்குள்ள போனா எடுத்துக் குடுப்பாரு, எலுமிச்சம்பழம் நறுக்கித் தருவாரு” என்றார். மச்சான், கோபப்படாதீர்கள், எனக்கும் கோபமில்லை. பெண்ணின் அண்ணன் ஸ்டேட் பிளேயராம் என்ற ஒரே பேச்சில் மயங்கித்தான் என் அப்பா எனக்குச் சரசுவைக் கட்டிவைத்தார். அன்றைக்கு ஒருவர் விசாரித்திருந்தால் இந்தக் குடும்பமே எனக்கு இல்லை. என் உத்தியோகத்தில் சரிபார்க்காமல் விட்ட கிளெய்ம் ஒன்றுகூடக் கிடையாது. வாழ்க்கையில் சரிபார்க்காமல் விட்டது இது ஒன்றுதான், அதில்தான் எனக்கு நிறைவாகக் கிடைத்தது. இதை நினைத்து நேற்று கண் கலங்கிவிட்டேன், சரசுவிடம் இடுப்பு வலி என்று சொன்னேன்.

ஆகவே, தீர விசாரித்து, குடும்பத் தலைவன் என்ற முறையில், ஸ்ரீராமுக்கு வர்ஷாவைக் கொடுக்க நான் முடிவெடுத்திருக்கிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, முதலில் தங்களுக்குத்தான் எழுதுகிறேன். தாங்களும் அக்காவும் வந்து நிற்க, முறைப்படி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம். அதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம். அங்குள்ள பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும், சின்னவர்களுக்கு இருமாமல் தும்மாமல் இருக்க ஆசியும் சொல்லவும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
முத்துசாமி

பி.கு. அண்ணே, நான் சரசு எழுதுறேன். கடிதத்தை ஒட்டச் சொல்லி என்கிட்டக் கொடுத்தார், நான் படிச்சுட்டுத்தான் ஒட்டுறேன். இவர் முடிவுக்காக இங்க யாரும் காத்துக்கிட்டு இல்ல. இவர் உள் ரூம்ல படுத்து, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, அந்தப் பையன் உண்மை பேசுறானான்னு கேட்டுக்கிட்டு இருந்தப்பவே, ஹாலில் அவன் அம்மாவும் நானும் வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. அவசரத்துல பாக்கு வாங்க மறந்துட்டேன். ஃப்ரீசர்ல இருந்த கறுப்புப் பாக்கைத்தான் தட்டுல வெச்சோம், சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதனால பாக்கை வச்சு ஆட இது கல்யாண வீடேதான் அண்ணே, ஆவணியில வந்து சேருங்க. அப்புறம், இவங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க ஸ்டேட் பிளேயர்னு சொன்னது நீங்க இல்ல, நான்தான். ஜன்னல் வழியா இவரைப் பாத்துட்டேன், எனக்குப் பிடிச்சுப்போச்சு. அண்ணன் எலுமிச்சம்பழம் நறுக்குறார்னு சொன்னா இவங்க அப்பா எழுந்து போயிருப்பார். இதை மட்டும் இவர் செக் பண்ணாம பாத்துக்கங்க.