பார்த்தாச்சு

க்ரீச்... டப். வேலைக்குச் சேர்ந்த அன்று தட்டச்சர் அம்மாள் அந்த அலுவலகத்தில் முதன்முதலாகக் கேட்ட சத்தம் அது. அதிகாரி தம் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு கோப்பை உள்ளே கிடத்தி, மூடிய சத்தம். கூடவே ஒரு சொல்லும் வரும்: "பார்க்கலாம்."

பின்னொரு நாள் அவளுடைய கோப்பும் அதற்குள் போய்ப் படுத்தது. கணவர் வேலை செய்யும் ஊருக்கு மாற்றல் கேட்ட கோப்பு. கல்யாணமானதிலிருந்து அவர் அங்கே, இவள் இங்கே. தொலைபேசியில்தான் குடித்தனம்.

"என்ன சொன்னார் உங்க அதிகாரி?"

"பார்க்கலாம்னு சொன்னாருங்க."

"ஆகாதுன்னு சொல்லியிருந்தா நிம்மதியாத் தூங்கலாம்."

இவ்வாறிருக்க, காலந்தாழ்த்தும் நோயை வேரோடு களைய மேலிடம் திருவுளங்கொண்டது. அதிகாரி மலைமேல் ஒரு விடுதியில் பயிற்சி பெற்று, விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் மனிதராகத் திரும்பினார். வந்ததும் ஆணை பிறந்தது. இழுப்பறைகள் சோம்பலின் கருவறை. ஆகவே அவை பிடுங்கப்படும். மின்மணி அடித்ததும் கையிலுள்ள கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். 'பார்க்கலாம்' என்ற சொல் வளாகத்துக்குள் அறவே தடைசெய்யப்படுகிறது. இனி 'பார்த்தாச்சு' என்றே சொல்லப்படும்.

பல் போன வாய்களாக மேசைகள் நின்றன. மணி அடித்தபடி இருந்தது. கோப்பைத் திறப்பதற்குள் அடுத்த மணி. கையெழுத்துப் போட நேரமேது? வாசலில் மனுவோடு வருகிறவர்களை மடக்கக் காவலாளி வேறு.

"அதிகாரியைப் பார்க்கலாமாங்க?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க! பார்த்தாச்சுன்னு சொல்லணும்."

"சரி, பார்த்தாச்சு."

"பார்த்தாச்சுல்ல? அப்புறம் என்ன, கிளம்புங்க."

சுற்றிச் சுற்றி வந்த கோப்புகளில் ஒன்று அம்மாளின் மேசையிலும் வந்து நின்றது. அவளுடையதேதான். எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் ஓடலாம். ஆனால் அந்த மாதம் 'சுறுசுறுப்புத் திலகம்' பதக்கம் அவள் தோளில் மின்னிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. தன் கையாலேயே தள்ளிவிட்டாள்.

அன்று மாலை பெட்டி படுக்கையோடு கணவர் வந்து நின்றார்.

"எனக்கு இந்த ஊருக்கு மாற்றல் கெடைச்சுடுச்சு!"

"எப்படிங்க?"

"எங்க அதிகாரி பழைய காலத்து ஆளு. பார்க்கலாம்னார். பார்த்துட்டார்."

மறுநாள் மின்சாரம் போயிற்று. மணி ஊமையானது. அதிகாரியின் முன்னால் ஒரு கோப்பு. தள்ளிவிட மணியில்லை, உள்ளே போட இழுப்பறையில்லை. வேறு வழி தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"வாழ்த்துகள்மா! உங்க மாற்றல் உத்தரவு. இன்னைக்கே கிளம்பணும்."

"சார், அவரே இங்க வந்துட்டாரு. தயவு பண்ணி ரத்து பண்ணிடுங்க. இந்தாங்க, மாற்றல் வேண்டாம்னு எழுதியே கொண்டு வந்திருக்கேன்."

மின்சாரம் வந்தது. மணி அடித்தது.

"பார்த்தாச்சு!" என்று அதைத் தள்ளிவிட்டார் அதிகாரி.

இரவு வண்டியில் அவளை ஏற்றிவிட்டு, சன்னல் கம்பியைப் பிடித்தபடி கணவர் கேட்டார்:

"இனிமே எப்போ பார்க்கலாம்?"

சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள் அவள். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அவள் அந்த ஊரில் வேலை பார்க்கிறாள். அவர் இந்த ஊரில் இருக்கிறார்.