பிள்ளையார் வராத பில் மெஷின்

மாமாவின் பலசரக்குக் கடைத் திறப்புக்கு மாமா இருந்தார், மாமி இருந்தார், அம்மா இருந்தார், ஐயர் இருந்தார், வெள்ளவத்தையில் கடை இருந்த சின்னத் தெருவான அந்த ஒழுங்கைச் சனம் பாதியும் இருந்தது. வேண்டிய நேரத்தில் இல்லாமல் போனது ஒரேயொரு டிரைவர். (வான் ஓட்டுகிறவர் இல்லை; சொல்கிறேன்.)

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் கம்ப்யூட்டர் படிக்க. அப்போது என் நடையே வேறு. மாமி கொள்ளுப்பிட்டியில் ஒரு பில் மெஷின் பார்த்து வைத்திருந்தார். அம்மா விடவில்லை. "ஏன் வெளியில குடுக்கிறாய்? என்ர பிள்ளை செய்வான்" என்று தன் தம்பியான மாமாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். மெஷின் சொதப்பினால் தலைகுனிய வேண்டியது நான் மட்டுமல்ல.

மாமா கேட்டது ஒன்றுதான். "மெஷினைப் போட்டவுடன திரையில முதல் பிள்ளையார் வரவேணும். மற்றதெல்லாம் பிறகு."

கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது, அதன் உள்ளே தலைமைப் புரோகிராமாக இருக்கும் கர்னல், ஒவ்வொரு பாகத்தையும் எழுப்ப டிரைவர் என்ற குட்டிப் புரோகிராம்களை ஒவ்வொன்றாக ஓடவிடும். அதற்கொரு வரிசை உண்டு. நான் பக்தி முற்றி, திரையின் டிரைவரைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். திரைக்குக் கரண்ட் திறந்துவிடும் டிரைவருக்கும் முன்னால். வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் அந்தமாதிரி வேலை செய்தது. (பிளக்கைக் கழற்றாமல் ரீஸ்டார்ட் மட்டுமே செய்து பார்த்ததால், திரைக்குப் போன கரண்ட் அறாமல் இருந்திருக்கிறது.)

சுபநேரத்தில் மாமா பிளக்கைக் குத்திச் சுவிட்சைப் போட்டார். பிரிண்டர் கிர்ரென்றது. காசு வைக்கும் இழுப்பறை, அந்த லாச்சி, படாரென்று திறந்தது. திரை மட்டும் தார் ரோட்டைப் போலக் கறுப்பு. முதல் ஆளாக வந்த திரை டிரைவர் கரண்டைத் தேடி, காணாமல், "இந்த மெஷினுக்குத் திரையே இல்லை" என்று முடிவுகட்டிப் போய்விட்டது. (இது எனக்கு விளங்கியது மறுநாள்.)

ஐயர் கற்பூரத் தட்டைத் தூக்கிவிட்டார். "தம்பி, ராகுகாலம் வருகுது."

"பொறுங்கோ ஐயா, லோட் ஆகுது" என்றேன். என் சட்டைதான் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக் கும்பிட்ட மாமா, மெல்லத் திறந்து திரையை உற்றுப் பார்த்தார். "ஓம்... ஓம், தெரியுது!"

"அது உங்கட முகமப்பா" என்றார் மாமி. "வயிறு மட்டும்தான் பிள்ளையார்."

ஒழுங்கையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினேன், அதே கறுப்பு. அம்மா என்னைப் பார்த்தார், பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"தம்பி, நேரம் போக முதல் எனக்கு ஒரு கிலோ பருப்பு போடு. பில்லைக் கையால எழுது."

மாமா ஊதுபத்திப் பெட்டியைக் கிழித்தார். அந்த அட்டையின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டார். என் முதுகில் ஒன்று தட்டி, "வந்திட்டாரடா!" என்றார். அம்மா அப்போதுதான் சிரித்தார்.

வரிசையைத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த நல்ல நாளில் கடையை மறுபடி திறந்தோம். இன்றைக்கும் ஒரு கலியாண வீடு, பிறந்தநாள் விடாமல் மாமி விரல்விட்டுக் கணக்குச் சொல்கிறார்: "ஐயருக்கு இரண்டாந்தரம் தட்சணை, தேங்காய், பழம், வடை... தும்பிக்கை இல்லாத பிள்ளையாரைப் பார்க்க எட்டாயிரத்து நானூறு ரூபா!"