கதாநாயகி பெரட்டுக்கு வரவில்லை

ஒரு வரிகூட எழுதாமல் நாவலாசிரியர் என்று பேர் வாங்கியவர் பதுளையிலேயே ஒருவர்தான். பெரட்டு ஐயா என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரும் கை காட்டுவார்கள்.

ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எச்சில் தட்டுக் கழுவி, பிளான் எதுவும் போடாமல் மூன்று மாடிச் சாப்பாட்டுக் கடை எழுப்பியவன். மேல் மாடிக்குப் படி வைக்க மறந்துவிட்டது. பிறகு வெளிப்புறமாக வைத்தேன். காற்றோட்டமாக இருக்கிறதென்று இன்றைக்கும் புகழ்கிறார்கள்.

ஐயா இதற்கு நேரெதிர். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலையென்று பிரிப்பார்களே, அந்தப் பெரட்டைத் தன் நாவலுக்கும் வைத்தார். தினமும் என் கடை மூலையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கூப்பிடுவார். வில்லனுக்கு மிரட்டல். மாமியாருக்கு மத்தியானம் வரை அழுகை, அதனால் அரை நாள் சம்பளம்தான். ஒருநாள் "கறுப்பையா" என்று கூப்பிட, என் சமையல்காரன் கறுப்பையா கரண்டியோடு ஓடி வந்தான். அவனுக்குக் கொலை வேலை கொடுக்கப்பட்டது.

இங்கேயுள்ள சிறு பத்திரிகையொன்று நாவலைத் தொடராகப் போட ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு. ஊரெல்லாம் சொல்லிவிட்ட மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. திட்டமோ முடிந்தபாடில்லை.

வியாழக்கிழமை முகம் வெளிறி வந்தார்.

"மொதலாளி, செல்லம்மா பெரட்டுக்கு வரலீங்க."

செல்லம்மா அவருடைய கதாநாயகி. ஏழாம் அத்தியாயத்தில் சாக வேண்டியவள்.

"வராம எங்க போனா?"

"யாருக்குத் தெரியும்? பேர் கூப்பிட்டேன், சத்தமில்ல. அவ இருக்குற காம்பரா பூட்டிக் கெடக்கு."

"அப்போ தேடிப் போங்க ஐயா. இங்க உக்காந்தா வந்துருவாளா?"

கேலியாகத்தான் சொன்னேன். மனிதர் நிஜமாகவே தேடிக் கிளம்பிவிட்டார், நான் வடை சுற்றிக் கொடுக்கும் தாளில். செல்லம்மா பூனாகலை பஸ்ஸில் ஏறியிருந்தாள். எதற்கென்று அவருக்கும் தெரியாது, எழுத எழுதத்தான் தெரிந்தது. வைத்த டீ ஆறியது. இன்னொன்று வைத்தேன், அதுவும் ஆறியது. மறுநாள் காலை எண்ணெய்க் கறையோடு அத்தியாயம் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

தொடர் இப்போது ஏழாவதையும் தாண்டி ஓடுகிறது. செல்லம்மா சாகவில்லை. எப்போது சாவாள் என்று கேட்டேன்.

"அவகிட்டத்தான் கேக்கணும் மொதலாளி" என்கிறார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அடுத்த அத்தியாயம் வருவதற்குள் இதை முடிக்க வேண்டுமே என்று, பண்டிகைக்குக்கூட மூடாத கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.